தாளம் தப்பினது பொண்ணா, பொட்டியா?

இன்னிக்கு ஒரு பாவமன்னிப்பு.

மாற்றலாகி பெங்களூர் வந்ததில் என் பொண்ணுக்கு நின்றுபோனது பாட்டு கிளாஸ். ஊரில் இருக்கும் டீச்சர் விடவில்லை. ஸ்ருதியும் தாளமும் பதிந்து அனுப்புவார். இவள் ஹெட்போனில் அதைக் கேட்டுக்கொண்டே பாடி, பதிந்து திருப்பி அனுப்பணும். வீட்டில் லினக்ஸ் போட்ட பழைய லேப்டாப், ஒரு யுஎஸ்பி ஆடியோ பெட்டி, ஒரு மைக். அவ்வளவுதான்.

மூணு வாரமா ஒரே பதில்: "தாளத்துக்குப் பின்னாடியே வர்றா." கவனமே இல்லை என்று நானும் திட்டினேன். அழுதுகொண்டே ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். "என் குரலே எனக்கு லேட்டா கேக்குதுப்பா."

என் பி.காம். மூளைக்கு அப்புறம்தான் கணக்குப் போடத் தோன்றியது. ஜாக் என்கிற ஒலி மென்பொருளில் பஃபர் 1024 என்று இருந்தது. நொடிக்கு 48,000 மாதிரி என்றால், 1024 சேர 21 மில்லி செகண்ட். உள்ளே வர ஒன்று, வெளியே போக இரண்டு, ஆக மொத்தம் 64. ஒலி காற்றில் அந்த நேரத்தில் 20 மீட்டருக்கு மேல் போய்விடும். தெருக்கோடி ஸ்பீக்கரிலிருந்து தன் குரலைக் கேட்டு ஒரு குழந்தை தாளம் போட முடியுமா?

பஃபரை 128-க்குக் குறைத்தேன். உடனே படபடவென்று வெடிச்சத்தம். எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையில் கேட்டால், "லினக்ஸ்னா அப்படித்தான் சார், புது லேப்டாப் வாங்கிடுங்க."

பேங்க்காரனுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். பஃபர் என்பது பியூன் தூக்கிப் போகும் வவுச்சர் கட்டு. கட்டு பெரிசு என்றால் முதல் வவுச்சர் காத்துக் கிடக்கும். சின்னது என்றால் பியூன் ஓடிக்கொண்டே இருக்கணும். அந்த நேரம் பார்த்து அவரை டீ வாங்க அனுப்பினால் கவுண்டர் காலி. அந்தக் காலி இடம்தான் வெடிச்சத்தம். 'எக்ஸ்ரன்' என்பார்கள்.

கணக்கு டேலி ஆகாதபோது செய்வதைத்தான் செய்தேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, எக்ஸ்ரன் எண்ணிக்கையை நோட்டில் எழுதினேன்.

1. வெப்கேம், பென் டிரைவோடு ஒரே ஹப்பில் இருந்த ஆடியோ பெட்டியை லேப்டாப்பில் நேராகச் செருகினேன். பாதி குறைந்தது.

2. மின்சாரம் மிச்சம் பிடிக்க பிராசசர் வேகத்தைக் குறைக்கும் அமைப்பை, பாடும் நேரத்துக்கு மட்டும் நிறுத்தினேன்.

3. என் யூசரை 'ஆடியோ' குழுவில் சேர்த்து, ரியல்டைம் முன்னுரிமை கொடுத்தேன். "இவரை டீ வாங்க அனுப்பாதே" என்ற ஆபீஸ் ஆர்டர் இதுதான். லாக்-அவுட் செய்து திரும்ப நுழைந்தால்தான் செல்லும்.

4. பீரியட் எண்ணிக்கையை இரண்டிலிருந்து மூன்றாக்கினேன். யுஎஸ்பி பெட்டிகளுக்கு இதுதான் ஒத்துப்போகிறது.

இப்போது போக வர சுமார் 11 மில்லி செகண்ட், பெட்டியின் சொந்தத் தாமதம் தனி. வெடிச்சத்தம் இல்லை. சுமார் இருபது வருஷம் தனி ஒட்டாக இருந்த ரியல்டைம் கெர்னல் வேலை, 2024 நவம்பரில் வந்த 6.12 பதிப்பில் லினக்ஸோடே சேர்ந்துவிட்டது. எனக்கு அது வரைக்கும் போகத் தேவைப்படவில்லை.

உங்கள் பெட்டியில் 'டைரக்ட் மானிட்டர்' குமிழ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் குரல் கம்ப்யூட்டருக்குள் போகாமலே காதுக்கு வரும், இத்தனை கூத்தும் வேண்டாம். என்னுடையது மலிவு, அதில் இல்லை :-)

லினக்ஸ் நல்லதா கெட்டதா என்று சண்டை போட வரவில்லை. ஊரை விட்டு வந்த நம் பிள்ளைகள் பாட்டு, வீணை, மிருதங்கம் எல்லாம் இப்போது ஒரு பொட்டி வழியாகத்தான் படிக்கிறார்கள். டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் தப்பு யாருடையது என்று உடனே தெரிந்திருக்கும். இங்கே அது நம் பொறுப்பு. பிள்ளையைத் திட்டுவதற்கு முன்னால் பொட்டியை அளந்து பாருங்கள்.

போன வாரம் டீச்சர் பதில்: "இப்போ சரியா உக்காருது." பொண்ணு என்னைப் பார்த்தாள். நான் ஹெட்போன் ஒயரைச் சுருட்டுவது போல பாவனை செய்தேன். 'சாரி' மட்டும் இன்னும் பாக்கி.