சோலார் வரட்டும், உழுபவரையும் கேட்டுவிட்டு வரட்டும்

கொஞ்சம் நீளமான பதிவு. பாகூர், வில்லியனூர் பக்கத்துக்காரர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

சூரிய மின்சாரத்துக்கு நான் எதிரி இல்லை. நிலக்கரியை எரித்துக்கொண்டே இருக்க முடியாது. ஆனால் ஒரு மெகாவாட்டுக்கு ஏறத்தாழ 4, 5 ஏக்கர் நிலம் வேண்டும். அது யாரிடமிருந்து போகிறது என்பதுதான் என் கேள்வி.

அசாமில் நகாவ்ன் மாவட்டத்தில் மிகிர் பாமுனி என்று ஓர் ஊர். கார்பி, ஆதிவாசிக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக நெல் பயிரிட்ட நிலத்தை, பழைய ஜமீன் வாரிசுகள் ஒரு சோலார் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். வெறும் 15 மெகாவாட் திட்டம். 2020இல் பயிர் நின்ற வயலிலேயே இயந்திரம் இறங்கியது. எதிர்த்து நின்றவர்கள் கைதானார்கள். பத்திரம் ஒருவர் பெயரில், பாடு இன்னொருவருடையது.

கர்நாடகத்தில் பாவகடா வேறு வழியில் போனது. வறண்ட பூமி. சுமார் 13,000 ஏக்கரை விலைக்கு வாங்காமல் குத்தகைக்கு எடுத்தார்கள். ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய் என்று தொடங்கினார்கள். நிலம் விவசாயி பெயரிலேயே இருக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதே நிலத்தில் களை எடுத்து, அறுப்பு அறுத்துப் பிழைத்த நிலமில்லாதவர்களுக்குக் குத்தகைப் பணம் கிடையாது. கூலி வேலையும் போயிற்று.

2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டத்தைப் படித்துப் பாருங்கள். குத்தகைதாரரும் விவசாயக் கூலியும் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்றுதான் அதில் இருக்கிறது. ஆனால் தனியார் திட்டத்துக்கு 80 சதவீதம் பேர் சம்மதம் வேண்டும் என்கிற இடத்தில், நில உரிமையாளரையும் அரசு நிலம் ஒதுக்கப்பட்டவரையும் மட்டுமே கணக்கில் எடுக்கிறார்கள். கம்பெனி நேரடியாகக் கிரயம் முடித்துக்கொண்டால் அந்தச் சம்மதமும் தேவைப்படாது.

சமூகத் தாக்க மதிப்பீட்டுக்கு ஊராட்சியைக் கலந்து பேச வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. நம் கொம்யூன்களில் யாரைக் கலந்து பேசுவார்கள்? 1968க்குப் பிறகு 2006இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்தப் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. அதோடு சரி, இன்று வரை தேர்தல் இல்லை. 'எங்கள் ஊருக்கு வேண்டாம்' என்று சொல்ல வாய் இல்லாத ஊர்களாக இருக்கிறோம்.

சேதராப்பட்டு, கரசூரை மறந்துவிடாதீர்கள். சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கென்று எடுத்த 800 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் பத்து வருஷத்துக்கு மேல் சும்மாவே கிடந்தது. மண்டலமும் வரவில்லை, விளைச்சலும் இல்லை.

புதுச்சேரிப் பகுதி மொத்தமே 300 சதுர கிலோமீட்டர்கூட இல்லை. பங்காரு வாய்க்கால் தண்ணீரில் பாகூர் ஏரி நிரம்பி, அதில் விளைகிற நஞ்சையை இழந்தால் மாற்று நிலம் இங்கே எங்கே இருக்கிறது?

ஆகவே என் கருத்து இது. முதலில் அரசுக் கட்டடம், பள்ளிக்கூடம், தொழிற்பேட்டைக் கூரைகளில் பேனல் போடுங்கள். நிலம் வேண்டுமென்றால் தரிசைக் குத்தகைக்கு எடுங்கள். அங்கே வாரத்துக்கு உழுபவருக்கும் கூலிக்குப் போகிறவருக்கும் பங்கை எழுத்தில் கொடுங்கள். இதையெல்லாம் கேட்க ஊராட்சி வேண்டும். அதனால் உள்ளாட்சித் தேர்தலை நடத்துங்கள் என்று ஓட்டுக் கேட்டு வருகிற எல்லாரிடமும் கேளுங்கள்.

சரி என்று பட்டால் நாலு பேருக்குப் பகிருங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாக எழுதுங்கள்.