இல்லை என்று சொல்லத் தெரியாத மனுஷன்

நான் பணி ஓய்வு பெற்ற அன்று ஆபீஸில் மாலை, சால்வை, மிக்சர், காபி எல்லாம் அமர்க்களமாக நடந்தது. பேசிய ஏழு பேரில் ஐந்து பேர் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: "சாருக்கு இல்லைன்னு சொல்லத் தெரியாது." எல்லோரும் கை தட்டினார்கள். நானும் வெட்கத்தோடு சிரித்துக்கொண்டேன். இன்று யாராவது அப்படிச் சொன்னால் எழுந்து வந்துவிடுவேன். ஒருவனுடைய பெரிய குறையைச் சொல்லிச் சால்வை போர்த்துவது நம் ஊரில்தான் நடக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். 1986-இல் கூட வேலை பார்த்த ஒருவர், ஊழியர் சங்கக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துக் கேட்டார். சங்கத்தில் கடன் வாங்கியவர்களுக்கு நடைமுறை தெரிந்திருக்கும். வாங்கியவர் கட்டாவிட்டால் ஜாமீன் போட்டவர்களின் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள். எனக்கும் அது தெரியும். அவர் ஊரெல்லாம் கடன் வைத்திருப்பதும் தெரியும். இருந்தும் போட்டேன். ஏன்? அவர் என் மேஜை முன்னால் நின்றார். நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவுதான் காரணம்.

ஏழாவது மாதம் ஆள் ஊரிலேயே இல்லை. என் பங்குக்கு மாதம் 110 ரூபாய் வீதம் 31 மாதம் பிடித்தார்கள். மனைவியிடம் "ஏதோ பிடித்தம்" என்று மழுப்பினேன். மகளுக்கு அப்போது ஒன்பது வயது. பாட்டு வகுப்புக்கு மாதம் 30 ரூபாய் கட்டிக்கொண்டிருந்தோம். அதை நிறுத்தினேன். ஏன்ப்பா என்று கேட்டாள். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. "உனக்குக் குரல் அவ்வளவா வரலைம்மா, படிப்பைப் பாரு" என்றேன்.

அந்த மூன்று வருஷமும் எனக்குச் சரியான தூக்கம் கிடையாது. ஆபீஸில் தங்கமான மனுஷன். வீட்டுக்கு வந்தால் தேள். சாதத்தில் ஒரு கல் கிடந்தால் தட்டைத் தள்ளுவேன். வெளியே சொல்ல முடியாத "முடியாது" எல்லாம் வீட்டில்தான் வெடித்தது. ரத்தக் கொதிப்பு என்று டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். என் வியாதி வேறு என்று எனக்குத் தெரியும்.

முகத்தாட்சண்யத்தைத் தர்மம் என்று நினைத்து ஏமாறாதீர்கள். தர்மம் செய்கிறவன் தன் பையிலிருந்து கொடுக்கிறான். தாட்சண்யக்காரன் பெண்டாட்டி பிள்ளைகளின் பையிலிருந்து எடுத்து, வெளியே தனக்கு நல்ல பேர் வாங்கிக்கொள்கிறான். என்னிடம் இருந்தது பயம். அதற்குக் குணம் என்று நானே பெயர் வைத்துக்கொண்டேன்.

உடனே சிலர் திருக்குறளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். கண்ணோட்டம் என்று ஒரு அதிகாரமே இருக்கிறது, தாட்சண்யம் உள்ளவர்கள் விஷத்தைக்கூடக் குடிப்பார்கள் என்று அதில் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது ஐயா. ஆனால் அதற்கு இரண்டு குறள் முன்னால், காரியம் கெடாமல் கண்ணோட வேண்டும் என்றும் வள்ளுவர் சொல்லியிருக்கிறார். அதை மட்டும் நாம் வசதியாக மறந்துவிடுகிறோம்.

"தூக்கிக்கொண்டு போக நாலு பேர் வேண்டாமா?" என்பது அடுத்த வாதம். வேண்டும்தான். அந்தக் கால் மணி நேரத்துக்காக நாற்பது வருஷம் பயந்து சாக வேண்டுமா?

நம் வயதுக்காரர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆவது பிரிவுப்படி, வேறு விதமாக எழுதிக்கொண்டால் தவிர, கடன் வாங்கியவனுக்கு எவ்வளவு பொறுப்போ ஜாமீன் போட்டவனுக்கும் அவ்வளவு பொறுப்பு. முதலில் அவனைப் பிடியுங்கள், பிறகு என்னிடம் வாருங்கள் என்று சொல்ல முடியாது. "சும்மா ஒரு கையெழுத்துதான்" என்று ஒரு கையெழுத்தே கிடையாது. பிள்ளைகள் முகம் வாடுகிறதே என்று இருக்கிற வீட்டை எழுதிக் கொடுக்கிறவர்களுக்கும் இதையே சொல்வேன். கொடுப்பதானால், கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். அதை மீறினால், 2007-ஆம் வருஷத்து மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆவது பிரிவுப்படி பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம்.

போன தை மாதம் தங்கை மகன் வந்தான். வேன் வாங்க பேங்க் கடனாம். "மாமா, சும்மா ஒரு ஜாமீன்தான்" என்றான். "நாளைக்குக் காலையில சொல்றேன்ப்பா" என்றேன். அன்று ராத்திரி முதல் தடவையாக மனைவியிடம் கேட்டேன். பழைய கதையையும் சொல்லிவிட்டேன். வெகு நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அன்னைக்கே கேட்டிருந்தா போடாதீங்கன்னு சொல்லியிருப்பேனே" என்றாள். அதனால்தான் அன்று கேட்கவில்லை என்பது எங்கள் இருவருக்குமே புரிந்தது.

காலையில் அவனுக்குப் போன் செய்தேன். "ஜாமீன் போடலைப்பா. என்னால முடிஞ்சது இருபதாயிரம். திருப்பித் தர வேண்டாம்." பொய்க் காரணம் எதுவும் சொல்லவில்லை. காரணம் சொன்னால் அதற்கு ஒரு பதில் கொண்டுவருவார்கள். அவன் பணத்தை வாங்கவில்லை. தங்கை நாலு மாதம் பேசவில்லை. வலித்தது. ஆனால் தூங்கினேன்.

மகளிடமும் உண்மையைச் சொன்னேன். அவள் ஐம்பதை நெருங்குகிறாள். நவராத்திரிக்கு யார் பாடச் சொன்னாலும் "எனக்குப் பாட்டு வராது" என்றுதான் இத்தனை வருஷமாகச் சொல்லி வந்திருக்கிறாள். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "சரிப்பா" என்று வைத்துவிட்டாள்.

அடுத்த தடவை யாராவது உங்கள் முன்னால் ஒரு காகிதத்தை நீட்டினால் அவர் முகத்தைப் பார்க்காதீர்கள். வீட்டில் யார் அதைக் கட்டப் போகிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். பேனா தானாகப் பைக்குள் போய்விடும்.