ரேங்கைக் கேட்கும் முன் பள்ளிக்கூடத்தைக் கேளுங்கள்

"இந்த ரேங்குக்கு சீட் கிடைக்குமா அக்கா?" மே கடைசியில் தொடங்கி ஆகஸ்ட் முடியும் வரை என் கடையில் அதிகம் கேட்கிற கேள்வி இதுதான். அத்திபெலே பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் செய்து தருகிற சின்னக் கடை என்னுடையது. கர்நாடகத்தின் கே.இ.ஏ., தமிழ்நாட்டின் பொறியியல் கவுன்சலிங், ஐ.ஐ.டி., என்.ஐ.டி.க்கான ஜோசா, மருத்துவத்துக்கான நீட் நான்கும் ஒரே மேசையில் நடக்கும். டோலைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் ஜூஜூவாடி, அங்கே கர்நாடகம் முடிந்து தமிழ்நாடு தொடங்கிவிடும். ஓசூரில் குடியிருந்து இங்கே வேலைக்கு வருகிறவர்களும், இங்கே குடியிருந்து பிள்ளைகளை ஓசூருக்குப் படிக்க அனுப்புகிறவர்களும் என் கடைக்கு வருகிறார்கள்.

அந்தக் கேள்விக்கு நான் உடனே பதில் சொல்வதில்லை. ரேங்க் கார்டை வாங்கி வைத்துக்கொண்டு, "ஒன்றாம் வகுப்பிலிருந்து எங்கெங்கே படித்தான், வரிசையாகச் சொல்லுங்கள்" என்று கேட்பேன். அப்பாக்களுக்கு முகம் சுருங்கும். ரேங்க் கையில் இருக்கும்போது பழைய பள்ளிக்கூடத்தை எதற்குக் கேட்கிறாள் என்று தோன்றும். ஆனால் இந்த ஊரில் பாதி விடை அங்கேதான் இருக்கிறது.

அத்திபெலேயில் ஒரே தெருவில் இரண்டு பையன்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவன் பத்தாவது வரை இங்கே படித்து, பி.யு.சி.யும், அதாவது பதினொன்றும் பன்னிரண்டும், இங்கேயே முடித்தான். இன்னொருவன் பத்தாவது வரை இங்கே படித்து, பிளஸ் டூவுக்கு மட்டும் ஓசூருக்குப் போனான். இரண்டு பேருக்கும் ஜே.இ.இ. மெயினில் ஒரே ரேங்க். என்.ஐ.டி.களில் பாதி இடம் சொந்த மாநிலத்தவருக்கு. ஜோசா கணக்கில் சொந்த மாநிலம் என்றால் ஆதாரில் இருக்கிற முகவரி இல்லை. பன்னிரண்டாம் வகுப்பை முதலில் எங்கே தேர்ச்சி பெற்றானோ அந்த மாநிலம்தான். முதல் பையனுக்கு கர்நாடகத்தின் சூரத்கல் என்.ஐ.டி. சொந்த ஊர், தமிழ்நாட்டின் திருச்சி என்.ஐ.டி. வெளியூர். இரண்டாமவனுக்குத் திருச்சி சொந்த ஊர், சூரத்கல் வெளியூர். கடைசி ரேங்க் இந்த இரண்டு வரிசையிலும் வெவ்வேறாக நிற்கும். பல பாடப்பிரிவுகளில் சொந்த மாநில வரிசைதான் தளர்வாக இருக்கும். பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிற ஒரு பள்ளியில் பதினோராம் வகுப்புக்குச் சேர்ந்த அன்றே இது முடிவாகிவிட்டது. பஸ் வசதியையும் ஃபீஸையும் மட்டும் பார்த்துச் சேர்த்த அம்மாவுக்கு அன்று இதை யாரும் சொல்லவில்லை.

கே.இ.ஏ.வின் விதி வேறு. ஒன்றாம் வகுப்பிலிருந்து பி.யு.சி. வரைக்குள் குறைந்தது ஏழு கல்வியாண்டுகள் கர்நாடகத்தில் படித்திருக்க வேண்டும். பத்தாவதையோ பன்னிரண்டாவதையோ இந்த மாநிலத்தில் தேறியிருக்க வேண்டும். பொது வழி இது. பெற்றோரை வைத்துத் தகுதி பெறுகிற வேறு பிரிவுகளும் உண்டு. அந்த இரண்டாவது பையனுக்கு இதில் சிக்கல் இல்லை. ஆனால் இங்கேயே வீடு இருந்தும் எல்.கே.ஜி. முதல் பன்னிரண்டு வரை ஓசூரில் படித்த பெண் கே.இ.ஏ. பக்கத்தில் பொது வழியில் நிற்கவே முடியாது. அவளுக்குத் தமிழ்நாட்டுக் கவுன்சலிங் திறந்திருக்கிறது. எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படித்தவருக்கு அங்கே இருப்பிடச் சான்றுகூடத் தேவையில்லை. இங்கேயே பி.யு.சி. முடித்த தமிழ்நாட்டுப் பூர்வீகப் பிள்ளைக்கு அந்தச் சான்று கட்டாயம். அதற்காக தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் அலைகிற குடும்பங்களை ஒவ்வொரு ஜூனிலும் பார்க்கிறேன்.

இதைவிடச் சிறிய வயதிலேயே தொடங்குகிற கணக்குகளும் இருக்கின்றன. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத இடங்கள் 2020-ல் மருத்துவத்துக்கும் 2021-ல் பொறியியலுக்கும் வந்தன. அதற்கு ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கர்நாடகத்தில் கிராமப்புற ஒதுக்கீடு 15 சதவீதம், கன்னட வழிக் கல்விக்கு 5 சதவீதம். இரண்டுக்குமே ஒன்று முதல் பத்து வரை அப்படிப் படித்திருக்க வேண்டும். ஆறு வயதில் சேர்த்த பள்ளி பதினெட்டு வயதில் கணக்கில் வருகிறது.

சாதிச் சான்றிதழ் இன்னொரு சுவர். ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதியாக இருப்பவர் குடிபெயர்ந்து போன மாநிலத்தில் அதே உரிமையைக் கேட்க முடியாது என்று 1990-ல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்தத் தொழிற்பேட்டைகளுக்கு வேலை தேடி வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். அந்த வீட்டுப் பிள்ளை ஐ.ஐ.டி.க்கும் என்.ஐ.டி.க்கும் தகப்பனின் மாநிலச் சான்றிதழை வைத்து எஸ்.சி. பிரிவில் போட்டியிடலாம், கர்நாடக அரசு இடத்துக்கு வரும்போது பொதுப் பிரிவில் நிற்க வேண்டும். ஒரே பிள்ளைக்கு இரண்டு அளவுகோல். இது தெரியாமல் எஸ்.சி. கட்-ஆஃபை வைத்துக் கல்லூரி தேர்ந்தெடுத்து வைத்திருந்த ஒரு வீட்டில், சான்றிதழ் சரிபார்ப்பு அன்றைக்குத்தான் எல்லாம் தெரிந்தது. அந்த வீட்டுப் பெண் அழவில்லை. "முன்னாடியே சொல்லியிருந்தால் இன்னும் கொஞ்சம் படித்திருப்பேனே" என்றுதான் கேட்டாள். அவளுக்குச் சொல்ல யாரிடமும் பதில் இல்லை.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் ரேங்குக்கு வருவேன். அங்கேயும் ஏமாற்றம் அதிகம். ரேங்கைப் போட்டால் "இந்தக் கல்லூரியில் உங்கள் வாய்ப்பு 78 சதவீதம்" என்று காட்டுகிற செயலிகள் பெருகிவிட்டன. பணம் வாங்கிக்கொண்டு அந்த எண்ணைச் சொல்கிற ஆலோசகர்களும் இருக்கிறார்கள். பெரும்பாலும் போன வருடத்துக் கடைசி ரேங்கை எடுத்து, உங்கள் ரேங்குக்கும் அதற்கும் உள்ள தூரத்தைச் சதவீதமாக மாற்றிக் கொடுப்பதுதான் அந்த எண். போன வருடம் போலவே இந்த வருடமும் இருக்கும் என்பது அதன் நம்பிக்கை. 2024 நீட் முடிவு முதலில் வந்தபோது 67 பேர் 720-க்கு 720. திருத்திய முடிவில் அது 17 ஆனது. அடுத்த ஆண்டு, 2025-ல், நாட்டிலேயே முதல் மதிப்பெண் 686. 2024-ன் மதிப்பெண் கட்-ஆஃபை வைத்து 2025-ல் எழுதிய பிள்ளைக்குச் சொல்லப்பட்ட எந்தச் சதவீதமும் வெறும் காகிதம். "உனக்கு எம்.பி.பி.எஸ். கிடைக்காது" என்று மாதிரித் தேர்வு மதிப்பெண்ணைப் பார்த்து அடித்துச் சொல்லப்பட்ட பிள்ளைகள் அந்த இரண்டு ஆண்டுகளிலும் எத்தனை இரவு தூங்காமல் இருந்திருப்பார்கள்!

"தகுதி பெற்றுவிட்டான்" என்ற செய்திக்கு இனிப்பு வாங்கி வருகிறவர்களிடமும் உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2025-ல் ஜே.இ.இ. அட்வான்ஸ்டு இரண்டு தாளையும் எழுதியவர்கள் 1,80,422 பேர். தகுதி பெற்றவர்கள் 54,378. இருபத்து மூன்று ஐ.ஐ.டி.களிலும் சேர்த்து இடங்கள் 18,160. தகுதி பெற்றவர்களில் மூன்றில் இரண்டு பேருக்கு ஐ.ஐ.டி. இடமே இல்லை. இனிப்பு தவறில்லை, அந்தப் பிள்ளை அதற்கு உழைத்திருக்கிறான். ஆனால் அன்று மாலையே மற்ற விண்ணப்பங்களின் கடைசித் தேதியையும் பார்த்துவிட வேண்டும்.

காசு கொடுத்து யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. முந்தைய ஆண்டுகளின் கட்-ஆஃபை கே.இ.ஏ.வும் தமிழ்நாட்டுக் கவுன்சலிங்கும் தங்கள் தளத்தில் இலவசமாகப் போடுகின்றன. ஜோசா ஒவ்வொரு சுற்றின் தொடக்க ரேங்கையும் கடைசி ரேங்கையும் போடுகிறது. நான் செய்வது இவ்வளவுதான்: பிள்ளையின் பிரிவுக்கு மூன்று ஆண்டுப் பட்டியலை அச்செடுத்து, மூன்றில் எது மிகக் கடினமான ஆண்டோ அதில் கோடு போடுவேன். அந்த ஆண்டிலும் கிடைத்திருக்கும் என்றால் நம்பலாம். ஒரு ஆண்டில் மட்டும் கிடைத்திருக்கும் என்றால் ஆசைப்படலாம், அதை நம்பி மற்றதை விடக்கூடாது. சதவீதம் சொல்ல மாட்டேன்.

அதற்குப் பிறகு வருவது சாய்ஸ் வரிசை. எனக்கு மிகவும் மனம் வலிக்கிற இடம் இது. பெரிய கல்லூரியை முதலில் போட்டால் நடுத்தரக் கல்லூரி கைவிட்டுப் போய்விடும் என்று பயந்து, "கிடைக்கிறதை மேலே போடுங்கள்" என்று தகப்பன்மார் கெஞ்சுகிறார்கள். இந்தக் கவுன்சலிங்குகளில் அப்படி நடக்காது. கணினி முதல் விருப்பத்தைப் பார்க்கும், இல்லையென்றால் அடுத்ததற்கு இறங்கும். மேலே ஆசைப்பட்டதற்காகக் கீழே தண்டனை இல்லை. ஆனால் கிடைக்கிறதை முதலில் போட்டால் அதையே கொடுத்துவிட்டு, அதற்குக் கீழே எழுதிய எதையும் அது பார்க்காது. ஒரு மெக்கானிக்கின் மகன், நல்ல ரேங்க். பெங்களூரில் எல்லோரும் விரும்புகிற கல்லூரிகளில் ஒன்று அவனுக்குக் கிடைத்திருக்கும். வீட்டுக்குப் பக்கத்துக் கல்லூரியை முதலில் வைத்து வேறெங்கோ ஆப்ஷன் என்ட்ரி முடித்துவிட்டு, அலாட்மென்ட் கடிதத்தை பிரின்ட் எடுக்க மட்டும் என்னிடம் வந்தார்கள். கட்-ஆஃப் பட்டியலை அவனிடம் காட்டுவதா வேண்டாமா என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. அடுத்த சுற்றுக்கு இன்னும் நாள் இருந்தது, அதனால் காட்டினேன்.

எலக்ட்ரானிக் சிட்டி அடுக்குமாடிகளிலிருந்து வருகிறவர்கள் அமெரிக்காவைப் பற்றிக் கேட்பார்கள். ஹார்வர்டில் நூறு பேர் விண்ணப்பித்தால் சுமார் நான்கு பேரைத்தான் எடுக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த நூறு பேரும் ஒரே வரிசையில் நிற்கவில்லை என்பது 2018-ல் பாஸ்டன் நீதிமன்றத்தில் நடந்த விசாரணையில் வெளிவந்தது. அதில் வந்த ஆண்டுகளின் கணக்குப்படி, அங்கே படித்தவர்களின் பிள்ளைகளில் மூன்றில் ஒருவருக்கு இடம் கிடைத்தது. மற்றவர்களில் நூற்றுக்கு ஆறு பேருக்குத்தான். எந்த வரிசை என்ற கேள்வி அங்கேயும் முதல் கேள்விதான். வரிசையே வேறு மாதிரி இருக்கிற இடம் நமக்குப் பக்கத்திலும் இருக்கிறது. சர்ஜாபுரத்தில் அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் தன் சொந்தத் தேர்வும் நேர்முகமும் வைத்து எடுக்கிறது, குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கட்டண உதவி தருகிறது. இங்கிருந்து அரை மணி நேரப் பயணம். என் மேசைக்கு வருகிற பிள்ளைகளில் அதன் பெயரைக் கேட்பவர்கள் மிகக் குறைவு.

தமிழ்நாட்டு அரசு 2022-ல் நான் முதல்வன் திட்டத்தைத் தொடங்கியது. அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு என்ன படிப்பு, எந்தக் கல்லூரி என்று பள்ளியிலேயே சொல்லித் தருகிற யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. ஓசூர் பள்ளிகளில் அதைச் செய்யும்போது அத்திபெலே முகவரி கொண்ட பிள்ளைகளைத் தனியாக உட்கார வைத்து அவர்களின் கதவு எது என்று சொல்ல வேண்டும். இங்கே ஆனேக்கல் தாலுக்கா பள்ளிகளும் தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்களுக்கு அதையே செய்ய வேண்டும். கே.இ.ஏ.வுக்கான ஏழாண்டுப் படிப்புச் சான்றில் வட்டாரக் கல்வி அலுவலர் (பி.இ.ஓ.) கையெழுத்துக்காகக் கோடை வெயிலில் வரிசையில் நிற்கிற குடும்பத்துக்கு, பத்தாவது முடிக்கிற அன்றே டி.சி.யோடு சேர்த்து அந்தத் தாளைக் கொடுத்துவிட முடியும். பள்ளி மாற்றக் கேட்டு வருகிற பெற்றோரிடம், "இதனால் இந்தந்த இடத்துக்கு உங்கள் பிள்ளையின் தகுதி மாறும், தெரியுமா?" என்று ஒரு பக்கத் தாளில் தமிழிலும் கன்னடத்திலும் அச்சடித்துக் கையெழுத்து வாங்கலாம். அந்த ஒரு பக்கத்தை எழுதித் தர நான் தயார். காசு வேண்டாம். ஏழாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு முடிகிற ஒவ்வொரு ஏப்ரலிலும் எல்லையின் இரண்டு பக்கத்துத் தலைமையாசிரியர்களும் அதை வீட்டுக்கு அனுப்பட்டும்.