அடுக்களை ஃபேனை அணைப்பதா சிக்கனம்?

கரண்ட் பில் வரும் நாள் எங்கள் வீட்டில் கோர்ட் கூடுகிற நாள் மாதிரி. குற்றவாளிக் கூண்டில் எப்போதும் நான்தான் நிற்பேன். 'நாள் பூரா வீட்ல இருக்கிறது நீதானே? கொஞ்சம் பார்த்து செலவு பண்ணக் கூடாதா?' என்பார் என் கணவர். மாமியாரும், 'நாங்கல்லாம் அம்மியில அரைச்சோம், ஆட்டுக்கல்லுல ஆட்டினோம்' என்று ஆரம்பித்து விடுவார். பல சகோதரிகளின் வீட்டிலும் இதே கதைதான் என்று நினைக்கிறேன்.

நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். ஆனால், மீட்டரில் என்ன ஓடுகிறது என்று ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்த சிக்கனமெல்லாம் என் வசதியைக் குறைத்துக் கொள்வதுதான். அடுக்களையில் மாட்டியிருக்கும் சின்ன ஃபேனைப் போட மாட்டேன். மத்தியானம் ஹாலில் தனியாக உட்கார்ந்திருந்தால் முந்தானையால் விசிறிக் கொள்வேன். 'ஒருத்திக்காக எதுக்கு ஃபேன்?' என்ற எண்ணம்.

2025 மே மாதம் ஒருநாள், சோறு வடிக்கும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. நல்லவேளை, லீவில் வீட்டில் இருந்த மகள் ஓடிவந்து தாங்கிப் பிடித்தாள். இல்லாவிட்டால் கொதிக்கிற கஞ்சி காலில் கொட்டியிருக்கும். 'சூடு தாங்கலை. நிறைய தண்ணி குடிங்க, காத்தோட்டமா இருந்து சமைங்க' என்றார் டாக்டர்.

அதே வாரம் பில் வந்தது. 560 யூனிட், 2,544 ரூபாய்! மயங்கி விழுகிற அளவுக்கு நான் சிக்கனம் பிடித்தும் பில் குறையவில்லையே, அப்படியானால் கரண்ட் எங்கேதான் போகிறது?

ஒன்பதாம் வகுப்பு போகும் மகள்தான் நோட்டும் பேனாவுமாகக் கிளம்பினாள். ராத்திரி பத்து மணிக்கும், காலை ஆறு மணிக்கும் மீட்டரைப் பார்த்து ஒரு வாரம் எழுதினாள். தூங்குகிற அந்த எட்டு மணி நேரத்தில் மட்டும் சராசரியாக 6 யூனிட் ஓடியிருந்தது. நான் சமைத்து, அரைத்து, துவைத்து, மோட்டார் போடுகிற மீதி பதினாறு மணி நேரத்துக்கு 4 யூனிட்டுதான்! ஏ.சி.யை 20 டிகிரியில் வைத்துவிட்டு, ஆளுக்கொரு போர்வையைப் போர்த்திக்கொண்டு தூங்கியிருக்கிறோம். நானும்தான். என்னை மட்டும் நல்லவளாகச் சொல்லிக்கொள்ள வரவில்லை.

அப்புறம் ஒவ்வொரு சாமானுக்கும் கணக்குப் போட்டோம். வாட்டை மணி நேரத்தால் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் யூனிட் வந்துவிடும். என் அடுக்களை ஃபேன் 50 வாட். தினம் நாலு மணி நேரம் ஓடினாலும் இரண்டு மாதத்துக்கு 12 யூனிட்தான். மிக்சி 750 வாட் என்று பயமுறுத்தும். ஆனால், தினம் பத்து நிமிஷம் ஓடினால் ஒரு யூனிட் ஆக எட்டு நாள் பிடிக்கும். மாமியாரிடம் இதைக் காட்டியதும், 'அப்போ மிக்சி பாவம்டி' என்று சிரித்துவிட்டார்.

ஏ.சி.யில் ஒரு டிகிரி கூட்டி வைத்தால் ஏறக்குறைய 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பே சொல்கிறது. 2020 ஜனவரியிலிருந்து ஸ்டார் முத்திரை ஏ.சி.க்கள் போட்டதும் 24 டிகிரியில் தொடங்கும்படி விதியே வந்திருக்கிறது. நாம்தான் ரிமோட்டை எடுத்துக் குறைக்கிறோம். இவர் முதலில் முறைத்தாலும், 26 டிகிரி வைத்து சீலிங் ஃபேனை மெதுவாக ஓடவிட்டதும் நன்றாகத்தான் தூங்கினார். ஏ.சி. ஃபில்டரை மாதம் இருமுறை மகன் கழுவுகிறான். ரிமோட்டில் அணைத்தாலும் செட்டாப் பாக்ஸ் கரண்டை இழுத்துக் கொண்டேயிருக்கும் என்பதால், கடைசியாகப் படுப்பவர் சுவரில் ஸ்விட்சை அணைக்கணும் என்பது இப்போது வீட்டுச் சட்டம்.

ஜூலை பில் 470 யூனிட், 1,616 ரூபாய். குறைந்தது 90 யூனிட்தான், மிச்சமானதோ 928 ரூபாய்! இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 2025ல் இருந்த கட்டணப்படி, 500 யூனிட்டைத் தாண்டினால் 101லிருந்து 200 வரைக்கான விலை யூனிட்டுக்கு 2.35 ரூபாயிலிருந்து 4.70 ஆகிவிடும். அதிலேயே 235 ரூபாய் கூடும். அதனால், ரீடிங் எடுக்க வருவதற்குப் பத்து நாள் முன்பே மீட்டரை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

பணம் மட்டுமல்ல விஷயம். மேட்டூரிலும் தூத்துக்குடியிலும் வடசென்னையிலும் நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். அப்படி எடுக்கும் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கரியமில வாயு வெளியே போகிறது. அது பூமியை இன்னும் சூடாக்குகிறது. வெயில் தாங்கவில்லை என்று ஏ.சி. போடுகிறோம், ஏ.சி. போடுவதற்காக வெயிலை ஏற்றுகிறோம்! அந்தச் சூட்டில் முதலில் வேகிறவள் அடுப்பு முன் நிற்கிறவள்தானே?

அதனால் என் கருத்து இதுதான். சிக்கனம் என்றால் வீட்டில் ஒருத்தி மட்டும் வியர்த்துக் கொட்டுவதல்ல. எங்கே அதிகம் ஓடுகிறதோ, அங்கே எல்லோரும் சேர்ந்து குறைக்கணும். பில்லைப் பார்த்துக் கேள்வி கேட்கிறவர்கள், முதலில் மீட்டரைப் பார்த்துவிட்டுக் கேட்கட்டும். பெண்கள் பக்கம்தானே என்று ஒதுக்காமல் படிக்கும் ஆண்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

இப்போது என் அடுக்களையில் ஃபேன் ஓடுகிறது. கேஸ் அடுப்பில் படாமல் என் முதுகுப் பக்கம் காற்று வருகிற மாதிரி அதை மாற்றி மாட்டிக் கொடுத்தவர் யார் தெரியுமா? என் கணவரேதான்!

என்ன சகோதரிகளே, உங்கள் வீட்டு மீட்டரை இன்றைக்கே ஒருமுறை பார்ப்பீர்கள்தானே?

- ஓர் இல்லத்தரசி, விருதுநகர்.