கன்னுக்குட்டி குடிச்சிடுச்சா?

பக்கத்து வீட்டில் மாடு கன்று போட்டால் தூக்குவாளியில் சீம்பால் வருவது எங்கள் வில்பட்டியில் வழக்கம். வெல்லமும் ஏலக்காயும் தட்டிப் போட்டு, இட்லிப் பானையில் வேகவைத்துத் துண்டு போட்டால் என் பிள்ளைகள் இரண்டும் அடுப்படியை விட்டு நகராது. நானும் ஆசையாகச் சாப்பிட்டவள்தான். ஆனால், நாலு வருஷத்துக்கு முன் எங்கள் தொழுவத்தில் நடந்ததிலிருந்து, யார் சீம்பால் கொண்டுவந்தாலும், 'கன்னுக்குட்டி குடிச்சிடுச்சா?' என்றுதான் முதலில் கேட்கிறேன். சிலருக்கு அது முகத்தில் அடித்தாற்போல் இருக்கிறதாம். இருந்துவிட்டுப் போகட்டும்!

அது மார்கழி மாசம். மலையில் உறைபனி விழுகிற நேரம். எங்கள் பசுவுக்குத் தலையீத்து. விடியற்காலை நாலு மணிக்குக் கிடேரிக் கன்று போட்டது. நெற்றியில் வெள்ளைச் சுட்டி. தடுமாறி எழுந்து மடியைத் தேடிய கன்றைத் தள்ளிக் கட்டச் சொல்லிவிட்டார் என் மாமியார். 'நஞ்சு விழாம மடியில விடக் கூடாது, அப்புறம் நஞ்சு தங்கிடும்' என்றார். அவருக்கு அவர் மாமியார் சொன்னது. நஞ்சு விழ மத்தியானம் ஆகிவிட்டது. அதுவரை கன்று குளிரில் சுருண்டு கிடந்தது. பிறகு கறந்ததிலும் பாதிக்கு மேல் நாலு வீட்டுக்குப் போய்விட்டது.

மூன்றாம் நாள் வெள்ளையாகக் கழிச்சல். ஆறாம் நாள் கன்று செத்துப்போயிற்று. பசு ராப்பகலாகக் கத்தியது. பால் இறங்கவில்லை என்று, கன்றின் தோலில் வைக்கோலை அடைத்து முன்னால் நிறுத்தினார்கள். அதை நக்கி நக்கிப் பால் கொடுத்தது பாருங்கள்... அன்றைக்கு எனக்குக் காபி தொண்டையில் இறங்கவில்லை.

மனிதக் குழந்தைக்குத் தாய் வயிற்றில் இருக்கும்போதே நோயைத் தடுக்கிற சக்தி ஓரளவு வந்துவிடுமாம். கன்றுக்கு அந்த வழி கிடையாது. அதற்கான முழுச் சக்தியும் சீம்பாலில்தான் இருக்கிறது. அதுவும் பிறந்த சில மணி நேரம்தான் கன்றின் குடல் அதை அப்படியே ரத்தத்தில் சேர்க்கும். நேரம் ஆக ஆகக் குறைந்து, ஒரு நாள் கழிந்தால் கதவைச் சாத்தின மாதிரிதான். கால்நடை டாக்டர் இதைச் சொன்னபோது, மத்தியானம் வரை கட்டிப்போட்டது நினைவுக்கு வந்து அழுதுவிட்டேன்.

நஞ்சு விஷயமும் தலைகீழ்தான். கன்று முட்டிக் குடிக்கும்போது பசுவின் உடம்பில் சுரக்கிற ஒன்றுதான் பாலை இறக்குகிறது; கர்ப்பப்பை சுருங்கி நஞ்சு விழவும் அதுவே உதவுகிறது.

நமக்குப் பிரசவம் ஆனதும், 'ஒரு மணி நேரத்துக்குள்ள பால் கொடு' என்று நர்ஸம்மா அதட்டியது மறந்துபோயிற்றா தோழிகளே? முன்பு நம் சீம்பாலையும் பீய்ச்சிக் கொட்டிவிட்டு, சர்க்கரைத் தண்ணீர் தொட்டுவைத்த வீடுகள் எத்தனை! பிள்ளைக்கு மாற்றிக்கொண்டோமே, கன்றுக்கு மட்டும் ஏன் இன்னும் பழைய கதை?

அடுத்த ஈத்தில் நான் யார் பேச்சையும் கேட்கவில்லை. (என் வீட்டுக்காரர் பூண்டுத் தோட்டத்துப் பக்கம் நழுவிவிட்டார்!) கன்றைக் காய்ந்த சாக்கால் துடைத்து, தொப்புளில் அயோடின் தடவி, மடியை வெந்நீரில் கழுவி, அரை மணிக்குள் ஊட்டவிட்டேன். எழ முடியாத கன்றாக இருந்தால் கறந்து பாட்டிலில் கொடுக்கலாம். தலையை ரொம்பத் தூக்கினால் பால் நுரையீரலுக்குப் போய்விடும். சீம்பாலை அடுப்பில் வைக்காதீர்கள், திரிந்துவிடும். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்தால் போதும்.

இருபத்தைந்து, முப்பது கிலோ கன்றுக்கு ஒரு நாளைக்கு இரண்டரை, மூன்று லிட்டர் வேண்டும். மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுக்கலாம். 'இவ்வளவும் கன்றுக்கா?' என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: சீம்பாலை எந்த சொசைட்டியிலும் ஊற்ற முடியாது. நமக்கு என்ன நஷ்டம்? கலப்பினப் பசு கன்று குடித்தது போகவும் கறக்கும். அதில் செய்யுங்கள் பலகாரம்!

காசாகிற பால் வந்த பிறகுதான் நமக்கே மனசு சுருங்குகிறது. பாலை நிறுத்திக் கழுநீரைக் காட்டினால் கன்று வயிறு மட்டும் பானையாகி, முதுகெலும்பு தெரிய நிற்கும். பூச்சி மருந்தும் தள்ளிப்போடக் கூடாது. எங்கள் டாக்டர் பத்தாம் நாளே கொடுத்து, ஆறு மாசம் வரை மாசாமாசம் கொடுக்கச் சொன்னார். இங்கே காரட் தழை, கோஸ் இலை சும்மா கிடைக்கிறது; ஆனால் மருந்தடித்த தோட்டத்துத் தழையைப் போட எனக்குத் தைரியம் இல்லை.

அந்தக் கன்று இப்போது சினையாக நிற்கிறது. போன மாசம் கீழ்த்தெருவில் ஒரு மாடு கன்று போட்டபோது யாரோ, 'நஞ்சு விழட்டும்' என்றார்களாம். அங்கே நின்ற என் மாமியார், 'அதெல்லாம் அந்தக் காலம். முதல்ல கன்னை அவுத்து விடு' என்றாராம். என்னிடம் மட்டும் இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை!

- ஒரு வாசகி, வில்பட்டி.