அடிக்கட்டைக்கு உப்பு

மரத்தை அறுத்தது அரை நாள் வேலை. அடிக்கட்டையைப் பெயர்க்க ஆறு நாள் ஆனது.

பதினெட்டு வருஷத்துக்கு முன் வேலூரிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த தொட்டிச் செடி. 'கிறிஸ்துமஸ் மரம்' என்று நர்சரியில் கொடுத்தார்கள். உண்மையில் அது அரக்கேரியா, தென் பசிபிக்கின் நியூ கலிடோனியாவைச் சேர்ந்தது. 1774இல் கேப்டன் குக்கின் கப்பல் அந்தப் பக்கம் போனபோது, தூரத்தில் நிற்பவை மரங்களா கல் தூண்களா என்று கப்பலிலேயே வாதம் நடந்ததாம். எங்கள் மாதனூரில் யாருக்கும் அந்தச் சந்தேகம் வரவில்லை. மாடித் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி வளர்ந்ததும், "எப்ப சார் வெட்டப் போறீங்க?" என்றுதான் கேட்டார்கள்.

போதாததற்கு மரம் தெற்கே சாய்ந்திருந்தது. அங்கே பக்கத்து வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. நான் நட்ட லட்சணம் என்றே நினைத்திருந்தேன். கலிஃபோர்னியா ஆய்வாளர்கள் ஐந்து கண்டங்களில் 256 மரங்களை அளந்து 2017இல் எழுதியதைப் பிறகு படித்தேன். இந்த இனம் எங்கே நின்றாலும் அநேகமாகப் பூமத்திய ரேகைப் பக்கமே சாய்கிறது, சராசரியாக எட்டரை டிகிரி. என் மேல் இருந்த பழி போயிற்று. கூரைக்காரரின் பயம் போகவில்லை.

அறுத்தவர்கள் தரையோடு அறுத்துவிட்டார்கள். கட்டை எடுக்க வந்த பெரியவர் தலையில் அடித்துக்கொண்டார். "இன்னா சார், இடுப்பு ஒசரம் உட்டிருந்தா ஆட்டியே சாச்சிருக்கலாமே!" பிடிமானமே இல்லாத கட்டையை எப்படி ஆட்டுவது?

ஜேசிபி எங்கள் சந்தில் நுழையாது. டீசல் ஊற்றிக் கொளுத்தச் சொன்னார் ஒருவர். கட்டையில் துளை போட்டுக் கல் உப்பை நிரப்பு, தானாக மக்கிவிடும் என்றார் மைத்துனர். அவர் சென்னைக்காரர். எங்கள் பக்கம் உப்பு என்றால் வேறு ஞாபகம் வரும். பச்சைத் தோல் அழுகாமலிருக்க அள்ளித் தேய்ப்பது உப்பு. டேனரியில் ஊறவைத்து அலசும்போது அது கழிவுநீரோடு வெளியேறி, பாலாற்றுக்கும் கிணற்றுக்கும் போயிற்று. இந்தத் தோல் வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமல் போனதை, 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதித் தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே பதிவு செய்தது. ஒரு கட்டைக்காக நானும் ஒரு மூட்டை சேர்க்க வேண்டுமா?

ஆகவே கடப்பாரைதான். பெரியவர் இரண்டு முழம் தள்ளி வட்டமாகப் பள்ளம் எடுத்தார். ராத்திரி தண்ணீர் விட்டு ஊறவைத்து, காலையில் வேரில் ஒட்டிய மண்ணைக் கழுவினார். மண்ணோடு வெட்டினால் கோடாரி மழுங்கும். மணிக்கட்டுக் கனத்தில் பக்க வேர்கள். ஒவ்வொன்றையும் இரண்டு இடத்தில் வெட்டி நடுத்துண்டை உருவினால்தான் அடுத்த வேருக்குக் கை போகும். ஒன்று போர்வெல் குழாயை ஒட்டியே ஓடியிருந்தது, அதற்கே ஒரு நாள். ஆறாம் நாள் வடம் கட்டி நாலு பேர் இழுத்தோம். பிசின் வாசனையோடு கட்டை புரண்டது.

பள்ளத்தை உடனே மூடவில்லை. இரண்டு நாள் வெயில் கழித்துக் கூலி வாங்க வந்த பெரியவர் எட்டிப் பார்த்தார். சுவரெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. பதினெட்டு வருஷம் போர்வெல் தண்ணீர்தான் விட்டிருந்தேன்.

"உப்பு போட்டுட்டீங்களா சார்?" என்றார்.

"இல்லீங்க ஐயா" என்றேன்.