தடம் காணும் கல்வி

காசுமீரத்தில் சிறீநகருக்கு அணித்தே தாச்சிகாம் என்னும் காடு உள்ளது. ஹங்குல் என்று வழங்கும் அரிய மானினம் வாழும் இடம் அது. குளிர்காலம் வந்ததும் அம்மான்கள் உயர்ந்த மலைச்சரிவுகளை விட்டுத் தாழ்ந்த பள்ளத்தாக்கிற்கு இறங்கி வரும். இரவெல்லாம் வெண்பனி பெய்து விடியலில் ஓய்ந்ததாயின், காட்டின் தரை எழுதப்படாத ஏடுபோல் விரிந்து கிடக்கும். அவ்வேட்டில் மானின் குளம்பு எழுதிச் செல்கிறது. பின்னர்க் காட்டுக் காவலன் வருகிறான்; குனிந்து நோக்குகிறான். பிளவுபட்ட குளம்பின் கூர்முனை எத்திசை நோக்கியுள்ளதோ அத்திசையில் மான் சென்றது. தடத்தின் விளிம்பு கூராய் நின்றால், அது சென்று நெடும்பொழுது ஆகவில்லை. விளிம்பு உருகி மழுங்கி மீண்டும் உறைந்திருந்தால், அது பழந்தடம். அடிகள் அணித்தணித்தே கிடந்தால் மான் மேய்ந்துகொண்டே நடந்தது. நான்கு அடியும் ஒருங்கே பதிந்து, அடுத்த பதிவு வரை நெடிய வெளி கிடந்தால், எதற்கோ அஞ்சிப் பாய்ந்தது. உடற்சூட்டால் பனி உருகிக் குழிந்த இடம் அது படுத்திருந்த இடம். மானைக் கண்ணாற் காணாமலே அதன் ஓரிரவு வரலாற்றை அவன் படித்துவிடுகிறான்.

இதனைப் படிப்பு என்று சொல்லலாமா எனச் சிலர் ஐயுறுவர். எழுத்தறியாதவனும் செய்யக்கூடிய வேலைக்குக் கல்வி என்னும் பெரும்பெயர் எதற்கு என்பது அவர் கருத்து. அக்கருத்துப் பிழையுடையது. எழுத்தென்பது யாது? எதிரில் இல்லாத ஒருவன் எண்ணியதை ஒரு பரப்பின்மேல் விட்டுச்சென்ற குறி. தடம் என்பது யாது? எதிரில் இல்லாத ஓர் உயிர் செய்ததை ஒரு பரப்பின்மேல் விட்டுச்சென்ற குறி. இரண்டினையும் பொருள்கொள்ளப் பயிற்சி வேண்டும்; பொறுமை வேண்டும்; முன்னறிந்ததைக் கொண்டு அறியாததை உய்த்துணரும் ஆற்றல் வேண்டும். தமிழில் அடித்தடத்திற்குச் சுவடு என்று பெயர். ஏட்டு நூலுக்குச் சுவடி என்று பெயர். இவ்விரு சொல்லும் ஒரு வேரில் முளைத்தனவா என்பதைச் சொல்லாராய்ச்சியார் துணியட்டும். செவிக்கு அவை உடன்பிறந்தவைபோல் ஒலிப்பதை எவரும் மறுக்கமாட்டார். தென்னாப்பிரிக்க அறிஞர் லூயி லீபன்பெர்க்கு என்பார், அறிவியல் ஆராய்ச்சியின் தோற்றுவாயே வேட்டுவர் தடம் பார்த்ததில் உள்ளது என்று 1990இல் ஒரு நூலே எழுதினார். அவர் கூற்றை முழுதும் ஏற்க வேண்டுவதில்லை. எள்ளி ஒதுக்கவும் இயலாது.

தமிழ்நாட்டுக் கடற்கரையில் வெண்பனி பெய்வதில்லை. மார்கழியில் பெய்யும் பனி புல்லை நனைக்குமேயன்றித் தடத்தைத் தாங்காது. ஆயினும் அக்குறையைக் கடல் தீர்த்து வைத்திருக்கிறது. நாளொன்றுக்கு இருமுறை ஏறியும் இருமுறை இறங்கியும் அது கரைமணலைத் துடைத்துப் புதிய ஏடாக்கித் தருகிறது. நெய்தற் பாட்டுகளில் ஈரமணலில் அலவன் ஓடுவதும், அதன் குறிகளை அலை வந்து அழிப்பதும் பலகாலும் வருவதைக் கற்றோர் அறிவர். அப்புலவர்கள் மணலைக் குனிந்து பார்த்தவர்கள்.

அம்மணலில் எழுதுவனவற்றுள் தலைசிறந்தது பங்குனி ஆமை. தை முதல் பங்குனி வரையுள்ள இரவுகளில் பெண்ணாமை கடலை விட்டுக் கரையேறும். ஏறத்தாழ நாற்பது கிலோ எடையுள்ள அவ்வுயிர், நீரில் பறவைபோல் செல்லுமாயினும், மணலில் தன் உடலைத் தானே இழுத்துச் செல்லும். அது போன வழி இரண்டரை அடி அகலத்தில் மணலிற் பதியும். முன் துடுப்புகளை மாறி மாறி ஊன்றுவதால், தடத்தின் இருபுறத்துக் குறிகளும் நேரெதிராக அமையாமல் ஒன்றுவிட்டு ஒன்றாய் அமையும். பேராமையும் ஏழுவரி ஆமையும் இரு துடுப்புகளையும் ஒருங்கே ஊன்றுவன. ஆதலின் அவற்றின் குறிகள் நேருக்கு நேர் நிற்கும். இதனால் வந்தது எவ்வினம் என்பது தெரிந்துவிடும். துடுப்பு மணலைப் பின்னோக்கித் தள்ளுவதால், மணல் எப்புறம் குவிந்துள்ளது என்பதைப் பார்த்து, ஏறிய தடம் எது, இறங்கிய தடம் எது என்று பிரித்தறியலாம். ஏறிய தடம் குறுகியும் இறங்கிய தடம் நீண்டும் இருந்தால், ஆமை கரைமேல் இருந்த பொழுதில் கடல் வற்றி இறங்கிக்கொண்டிருந்தது என்பது பெறப்படும். இரு தடங்களும் கூடும் இடத்தில் மணல் கிளறிச் சிதறியிருந்தால், அதன் அடியில் ஒன்றரை அடி ஆழத்தில் குடுவை போன்ற குழியில் ஏறத்தாழ நூறு முட்டைகள் உள்ளன. கிளறல் யாதும் இன்றித் தடம் வெறுமனே வளைந்து திரும்பியிருந்தால், ஆமை எதனையோ கண்டு மருண்டு, முட்டையிடாமலே கடலுக்கு மீண்டது.

சென்னையின் தென்கரையில் இத்தடங்களைப் பார்த்து இரவில் நடக்கும் வழக்கம் 1970களில் தோன்றியது. 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடைப்பட்ட கரையில் ஆண்டுதோறும் நடந்து வருகின்றனர். விளக்கொளி ஆமையை மருட்டும். ஆதலின் விண்மீன் ஒளியில் மணலைப் படித்தல் வேண்டும். தடம் கண்டதும், மெல்லிய கோலை மணலில் மெதுவாக ஊன்றி, மண் நெகிழ்ந்துள்ள இடம் எதுவென உணர்கின்றனர். முட்டைகளை நாய்க்கும் மனிதர்க்கும் எட்டாத வேலியிட்ட இடத்திற்கு மாற்றிப் புதைக்கின்றனர். 45 முதல் 60 நாளுக்குள் வெளிவரும் குஞ்சுகள் ஒளியுள்ள பக்கம் நோக்கி ஓடும் இயல்பின. கடலின் வெளிச்சத்தைவிடச் சாலை விளக்கு மிகுந்து ஒளிர்ந்தால் சாலைக்கே சென்று மடியும். அவற்றைக் கடலில் சேர்ப்பதும் அம்மாணவர் பணியாகும்.

தடம் காண்பது கொல்வதற்கன்றோ தோன்றியது என்று ஒரு சாரார் வினவுவர். ஆம், அதற்கே தோன்றியது. ஆனால் அறிவு தோன்றிய இடத்திலேயே நின்றுவிடுவதில்லை என்பதற்குச் செங்கற்பட்டுப் பகுதியில் வாழும் இருளர் சான்றாவர். பாம்பின் தடத்தைக் கண்டு, அதன் வளையைத் தோண்டிப் பிடித்துத் தோலுக்கு விற்பது முன்னாளில் அவர்தம் பிழைப்பு. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பின்னர் அத்தொழில் முடங்கியது. 1978இல் அவர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, பாம்பைக் கொல்லாது நஞ்சை மட்டும் எடுத்து, கடிபட்டோரைக் காக்கும் மருந்திற்கு வழங்கத் தொடங்கினர். கொல்லக் கற்ற கண் உயிர்காக்கும் கண் ஆயிற்று. 2017இல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இருளர் இருவர் அமெரிக்காவின் ஃபிளாரிடா மாநிலத்திற்கு அழைக்கப்பட்டனர். பர்மிய மலைப்பாம்பு என்னும் அயலினம் அங்குப் பெருகிப் பிற உயிர்களை அழித்துவந்தது. புல்லின் சாய்வையும், மண்ணின் வழுவழுப்பையும், உதிர்த்த சட்டையையும் கண்டு இவ்விருவரும் முதல் எட்டு நாட்களில் 13 பாம்புகளைப் பிடித்தனர். இந்திய அரசு 2023இல் இருவர்க்கும் பத்மசிறீ விருது அளித்தது. இவர்களைக் கல்லாதவர் என்று கூறுவோர் கல்வி என்னும் சொல்லுக்குப் பொருள் தேடிப் பார்ப்பது நன்று.

இனி, தடத்தை நம்பிக் கெட்ட கதையும் உண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. 1966 முதல் இந்நாட்டில் புலிகளை அவற்றின் அடிப்பதிவைக் கொண்டு எண்ணும் முறை இருந்தது. இராசத்தானத்தின் சரிஸ்கா காட்டில் புலிகள் உள்ளன என்று கணக்குக் கூறிக்கொண்டிருக்க, 2005இல் அங்கு ஒரு புலியும் இல்லை என்பது வெளிப்பட்டது. அதன்பின் தானியங்கு ஒளிப்படக் கருவிகளை வைத்து எண்ணும் முறை வந்தது. அங்குப் பொய்த்தது தடமன்று. இல்லாத பொருளை ஏட்டில் ஏற்றியது மனிதர் கை. பாடபேதம் உண்டு என்பதற்காகச் சுவடிகளை எவரும் ஆற்றில் எறிவதில்லையே! கருவியும் வேண்டுவதே. ஆமையின் ஓட்டில் செயற்கைக்கோள் கருவியைப் பொருத்தினால் அது எக்கடலில் நீந்துகிறது என்று தெரியும். ஆயினும் கருவி பூண்ட ஆமைகள் ஒரு சிலவே. நேற்றிரவு எந்த ஆமை எந்த மேட்டில் முட்டையிட்டது என்பதை அறிய, இன்றும் மனிதன் கால்நடையாகச் சென்று குனிந்து பார்க்க வேண்டியவனாகவே இருக்கிறான்.

இக்கல்விக்கு ஆசிரியர் உளர், மாணவரும் உளர். ஏடுதான் குறைந்து வருகிறது. சென்னையின் வடகரையில் இராயபுரம் முதல் திருவொற்றியூர் கடந்து எண்ணூர் வரை சென்று பார்ப்போர்க்கு இது விளங்கும். சோழமண்டலக் கரையோரம் கடலலை ஆண்டின் பெரும்பகுதியில் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே கொண்டு செல்கிறது. 1870களில் சென்னைத் துறைமுகத்தின் கட்டுமானம் தொடங்கிற்று. 1881இல் புயல் அதனைச் சிதைத்தது, மீண்டும் கட்டினர். அதன் சுவர்கள் மணலின் வழியை மறித்தன. சுவருக்குத் தெற்கே மணல் தங்கியது; ஒருகால் புனித சார்ச்சுக் கோட்டையின் அருகே மோதிய அலை நெடுந்தொலைவு விலகிச் செல்ல, மெரீனாக் கரை அகன்றது. சுவருக்கு வடக்கே மணல் வரவில்லை; ஆனால் இருந்த மணலைக் கடல் கொண்டுபோவது நிற்கவில்லை. தென்சென்னையார் காற்று வாங்கும் பரந்த மணலில் ஒரு பங்கு வடசென்னைக்கு வரவேண்டியிருந்தது என்பதை எத்தனை பேர் நினைக்கின்றனர்?

மீனவர் குடியிருப்புகளைக் கடல் விழுங்கத் தொடங்கவே கருங்கற்களைக் குவித்தனர். தூண்டில் வளைவுகளைக் கட்டினர். வீடிழந்தோர்க்குக் கல் காவலாயிற்று. அதனைக் குறைகூறுதல் தகாது. திருவொற்றியூரில் பட்டினத்தார் கோயில் கடலருகே இருக்கிறது. அவர் இக்கரை மணலில் சிறுவரோடு விளையாடி மறைந்தார் என்பது செவிவழி வரலாறு. இன்று அக்கோயிலின் முன்னே சரக்கு வண்டிகள் ஓயாது ஓடும் சாலையும், அதற்கப்பால் கல்லும் உள்ளன. அலையோசையைக் கேட்டே வளரும் இப்பகுதிச் சிறுவருள், நண்டின் தடம் எது, ஆமையின் தடம் எது என்று காணாதவர் பலர். குற்றம் அவருடையதன்று. காண்பதற்கு மணல் வேண்டுமன்றோ?

எஞ்சியிருப்பது எண்ணூர்க் கழிமுகமும், அதற்கு வடக்கே பழவேற்காடு நோக்கிச் செல்லும் மணல்திட்டும் ஆகும். கொற்றலையாறு கடலோடு கலக்கும் அக்கழியில் நீர் வற்றும்போது சேறு வெளிப்படும். அதில் நாரையும் உள்ளானும் நண்டும் எழுதும். அப்பகுதி இருளர் ஆழமில்லா நீரில் அமர்ந்து, பனையோலைப் பறியை வாயிற் கவ்விக்கொண்டு, இருகையாலும் சேற்றைத் தடவி இறாலைப் பிடிப்பர். கண்ணுக்குப் புலப்படாத தடத்தை விரல் அறிகிறது! கல்வியின் இந்நிலையை எந்தப் பள்ளி கற்பிக்கிறது? இராயபுரத்துப் பள்ளி மாணவரை ஆண்டிற்கு இருமுறையேனும் அங்கு அழைத்துச் சென்று, அம்மக்களுள் ஒருவரை ஆசிரியர் என்னும் பெயரும் அதற்குரிய ஊதியமும் கொடுத்து முன்னிறுத்துதல் தகும். வேடிக்கை காட்டுபவராக அவரை நிறுத்துதல் கூடாது.

ஆனால் அவ்வேடும் கறைபட்டு வருகிறது. அனல்மின் நிலையத்துச் சாம்பல் பல்லாண்டாகக் கழியிற் படிந்து அதன் ஆழத்தைக் குறைத்தது. 2017ஆம் ஆண்டு சனவரித் திங்களில் துறைமுகத்திற்கு வெளியே இரு கப்பல்கள் மோதியதால் எண்ணெய் கரையெங்கும் ஒதுங்கியது. 2023 திசம்பரில் மிக்சாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் கழியிற் பரவி, அலையாத்தி மரங்களிலும் படகுகளிலும் கூழைக்கடாக்களின் இறகிலும் ஒட்டியது. 2025 சனவரியில் சென்னையை அடுத்த கரைகளில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கின. இழுவலையிற் சிக்கி மூச்சுமுட்டி இறந்தவை அவற்றுள் மிகப்பல என்றனர் ஆய்ந்தோர். கரையிலிருந்து ஐந்து கடல்மைலுக்குள் இழுவை மடிப் படகுகள் மீன்பிடித்தலாகாது என்பது சட்டம். இறந்து ஒதுங்கிய ஆமைக்குத் தடம் இல்லை. அலை அதனைக் கொண்டுவந்து போடுகிறது.

உயிருள்ள ஆமை கல்லடுக்கிய கரையில் ஏறினால் எழுதுவது வேறு. கல்லுக்கும் கடலுக்கும் இடையே சிறிது மணல் எஞ்சியுள்ள இடத்தில் தடம் தொடங்கும். நேராக மேலேறிக் கல்லின் அடிவரை செல்லும். அங்கே நின்று, கல்லோரமாய்ச் சிறிது தொலைவு பக்கவாட்டில் நகரும். கிளறிய மணல் இராது. பின்பு கடல்நோக்கி வளையும். அடுத்த ஏற்றத்தின்போது கல்லடி வரை நீர் வந்துவிடும். விடியலில் வருவோர் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது.